நான் சேர்த்த வரி

கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் வாடகை ஒப்பந்தம் டைப் அடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. ஸ்டாம்ப் பேப்பர், பதினோரு மாதம், இரண்டு சாட்சி. இதில் வருஷக்கணக்காக ஓர் அயோக்கியத்தனம் செய்துவந்தேன். கைதவறி நடந்ததில்லை, தெரிந்தேதான் செய்தேன்.

1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு குடியிருப்பவருக்குச் சாதகமானது. குடிவந்தபோது இருந்த நிலையிலேயே வீட்டைத் திருப்பித் தரவேண்டும். ஆனால் நியாயமான தேய்மானமும், தடுக்கமுடியாத சக்தியால் வரும் மாற்றமும் அவர் தலையில் விழாது. குடித்தனம் நடந்தால் பெயின்ட் மங்கும், ரெட் ஆக்ஸைடு தரை பளபளப்பு போகும். அதற்குக் காசு கேட்க முடியாது. குழவியைக் கைநழுவவிட்டுச் சிங்க்கை உடைத்தால் அது சேதம், தாராளமாகக் கேட்கலாம்.

ஆனால் ஒப்பந்தத்தில் மாற்றி எழுதாதவரைதான் இந்தப் பிரிவு செல்லும். நான் சும்மா இருந்திருந்தாலே சட்டம் தானாக வந்து நின்றிருக்கும். நான் எழுதினேன்: தேய்மானம் உட்பட எல்லாவற்றையும் குடியிருப்பவர் தன் செலவில் சரிசெய்து, புதுப் பெயின்ட் அடித்துத் தரவேண்டும், தவறினால் அட்வான்ஸில் பிடிக்கப்படும். நாலு வீடு வைத்திருப்பவர் என்னிடம் திரும்பத் திரும்ப வருவார், டைப்பிங் காசும் அவருடையது. குடிவருபவர் வந்துபோகிற ஆள். நான் ஏன் அந்தப் பக்கம் சாய்ந்தேன் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

பத்திரம் இங்கிலீஷில் இருக்கும். கையெழுத்துப் போட வருகிறவர்களில் பலர் சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் வளர்ந்தவர்கள். "இன்னாண்ணா போட்டிருக்குது?" என்று கேட்பார்கள். வாடகை, தேதி, கரண்ட் பில் வரைக்கும் தமிழில் சொல்லுவேன். அந்த வரி வந்ததும், "மத்ததெல்லாம் வழக்கமா போடறதுதாம்மா" என்று பேனாவை நீட்டிவிடுவேன்.

விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண் வீட்டைக் காலி செய்தபோது, அட்வான்ஸில் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டார்கள். என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். சுவிட்ச் போர்டைச் சுற்றி விரல் அழுக்கு, அடுப்புக்கு மேலே தாளிப்புப் புகை, ஜன்னல் கம்பியில், தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மேட்டுத் தூசி. காற்று கிளம்பினால் அந்தத் தூசி இந்த ஊரில் எந்த வீட்டை விட்டுவைத்தது? கூடத்துச் சுவரில் இருந்த விரிசலுக்கும் தனியாக ஒரு தொகை போட்டிருந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தேன். விரிசலுக்குள்ளே பழைய நீலச் சுண்ணாம்பு படிந்திருந்தது. அவர் குடிவருவதற்கு எத்தனையோ முன்பே விழுந்த விரிசல். தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில், நிலத்தடியில் பாறை வெடிக்கும் ராக் பர்ஸ்ட் வந்தால் இங்கே வீடு குலுங்கும். அந்தச் சுரங்கத்தையே 2001 பிப்ரவரி 28இல் மூடியாயிற்று. தடுக்கமுடியாத சக்தி என்று சட்டம் சொல்வதற்கு எங்கள் ஊரில் ராக் பர்ஸ்ட்டைவிட நல்ல உதாரணம் வேண்டுமா? இதெல்லாம் மனசில் ஓட, வாய் மட்டும், "பத்திரத்துல அப்படி இருக்கேம்மா" என்றது. அந்த வரியை எழுதியவன் நான்தான் என்று சொல்லவில்லை.

2021இல் மத்திய அரசு கொண்டுவந்த மாதிரி வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் சாதாரணத் தேய்மானம் விலக்கு என்கிறது. வீட்டுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் மாதிரி மாதிரிதான். மாநிலம் சட்டமாக்கினால்தான் உயிர் வரும்.

இப்போது அந்த வரியை நான் அடிப்பதில்லை. சில வீட்டுக்காரர்கள் வேறு டைப்பிஸ்டைத் தேடிப் போய்விட்டார்கள், போகட்டும். என்னிடம் எழுதிய பத்திரம் கையில் இருந்தால், அடுத்த பதினோரு மாதத்துக்குப் புதுப்பிக்கும்போது அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள். சாவி வாங்கும் அன்றைக்கே சுவர், தரை, குழாய், பழைய விரிசல் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.