இந்தா வந்துருச்சு

ஆலங்குளம் டீக்கடையில் "அண்ணாச்சி, டீ என்னாச்சு?" என்று கேட்டால் "இந்தா வந்துருச்சு" என்பார்கள். பால் இன்னும் பொங்கியே இருக்காது. சீனச் சாப்பாட்டுக்கடையிலும் கூப்பிட்ட குரலுக்கு "லாய் ல, லாய் ல" என்றுதான் பதில் வரும். 'லாய்' என்றால் வருதல். பின்னால் ஒட்டும் 'ல'வைப் புதிதாகப் படிக்கிற பிள்ளைகள் இறந்தகாலம் என்று நோட்டில் குறித்துக்கொள்கிறார்கள். சிவகாசி அச்சகங்களுக்காகச் சீன மெஷின் வியாபாரிகளிடம் பேசித் தருகிறவன் நான்; சீனம் சொல்லிக்கொடுக்கும்போது முதலில் அந்தக் குறிப்பை அடித்துவிடச் சொல்வேன்.

உதிரிபாகம் கேட்கிறோம். "ஃபா ல" என்றால் அனுப்பியாச்சு. "யாவ் ஃபா ல" என்றால் இனிமேல்தான் அனுப்பப்போகிறார்கள். 'ல' மட்டும் காதில் விழுந்தவர் லாரி ஆபீசில் போய்க் காத்துக்கிடக்க வேண்டியதுதான். "போன வருஷம் தினமும் வந்தார்" என்பதற்கோ 'ல'வே வேண்டாம்: ச்சூ நியென் தா தியென் தியென் லாய். 'ச்சூ நியென்' போன வருஷத்தைச் சொல்லிவிட்டது, வினை அப்படியே நிற்கிறது. எப்போது என்பது வினைக்கு முன்னால், எவ்வளவு நேரம் என்பது பின்னால். இதில் மட்டும் கறாராக இருப்பேன்.

தொல்காப்பியர் வினையைக் காலத்தோடு சேர்த்தே இலக்கணப்படுத்தினார். அந்தப் பழக்கத்தில் சீன வினையிலும் காலத்தைத் தேடுகிறோம். ஆனால் நம் பேச்சைக் கவனித்தால் பாதி வேலை முடிந்திருக்கிறது. "பு லாய்" வரமாட்டார், "மேய் லாய்" வரவில்லை. 'வரவில்லை'யில் காலம் காட்டும் உறுப்பு எங்கே இருக்கிறது? நேற்றைக்கும் அதுதான், இந்த நிமிஷத்துக்கும் அதுதான். 'ச்சூ குவோ' என்பதற்கு 'போனதுண்டு' அச்சாகப் பொருந்தும். "நாளைக்கு அவர் வந்ததும் கிளம்பலாம்" என்கிறோமே, நாளைய வருகைக்கு 'வந்த' எப்படி வந்தது? சீனத்திலும் அந்த இடத்தில் 'லாய் ல'தான்.

வாக்கியக் கடைசியில் நிற்கும் 'ல' வேறு வகை. நிலைமை மாறிவிட்டது, அது இப்போதைக்கு முக்கியம் என்று சொல்வது அது. லீ, தாம்சன் இருவரும் 1981இல் வெளியிட்ட சீன இலக்கண நூல் இதை நன்றாகவே விளக்குகிறது. ஆனால் நான் நூலைக் காட்டுவதில்லை. சற்றுமுன் இல்லாதது இப்போது என்ன என்று ஜன்னல் வழியே பார்த்துச் சொல்லச் சொல்வேன். கரண்ட் போயிருச்சு. பஸ் வந்துருச்சு. மழை வந்துருச்சு, "ஷியா யூ ல". எழுத விடுவதில்லை; எழுத ஆரம்பித்தால் பிள்ளைகள் மறுபடி முக்காலத்துக்குப் போய்விடுகிறார்கள்.