பக்கத்துக்கு வெளியே ஒரு பத்தி

சிற்றிதழ் நடத்தியவர்களிடம் கடைசியில் மிஞ்சுபவை விற்காத பிரதிகளும் அடையாத அச்சகக் கடனும்தான் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். எங்களிடம் இவற்றோடு ஒன்பது நெகிழ்வட்டுகளும் மிஞ்சின.

1998 முதல் 2002 வரை நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒரு காலாண்டிதழ் நடத்தினோம். பதினோரு இதழ்கள் வந்தன. மூவர் ஆசிரியர் குழு என்று பெயர் போட்டுக்கொண்டோம். நான்காமவர் தட்டச்சு செய்தார், பக்கங்களை வடிவமைத்தார், இடையிடையே கதையும் எழுதினார். உண்மையில் இதழ் அவருடையதுதான் என்பது அவர் 2022இல் காலமான பிறகே எங்களுக்குப் புரிந்தது. கடைசியாக அவரைப் பார்க்கச் சென்றிருந்தபோது, அவருடைய கதைகளைத் தொகுப்பாகக் கொண்டுவரும் எண்ணத்தைச் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “போடுவதென்றால் வட்டையும் ஒருமுறை பாருங்கள்” என்றார். அச்சுப் பிரதிகள் எல்லாமே கைவசம் இருக்கும்போது வட்டு எதற்கு என்று நாங்களும் கேட்கவில்லை, அவரும் விளக்கவில்லை.

தொகுப்பு வேலையில் நாங்கள் இறங்கியது 2024இல். அவருடைய மகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்து வட்டுகளை எங்களிடம் ஒப்படைத்தார். ஒவ்வொன்றின் மீதும் இதழ் எண்ணும் மாதமும் அவருடைய சாய்ந்த கையெழுத்தில் இருந்தன. யுஎஸ்பியில் பொருத்தக்கூடிய நெகிழ்வட்டு இயக்கி ஒன்றை வாங்கினோம். இரண்டு வட்டுகள் கரகரத்துவிட்டு மௌனமாயின, ஏழு பிழைத்தன. பிழைத்தவற்றுள் கடைசி இதழின் வட்டும் இருந்தது. அவருடைய கடைசிக் கதை வந்தது அந்த இதழில்தான்.

பிழைத்தவற்றையும் எளிதில் படிக்க முடியவில்லை. ஒரு வட்டில் சாதாரண உரைக்கோப்பு ஒன்று இருந்தது. திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்துகளின் குப்பை. ஓரிடத்தில் ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி. ‘தமிழ்’ என்ற சொல்தான் அது. அன்று ஈழத்து நண்பர் ஒருவர் கொடுத்த பாமினி எழுத்துருவில்தான் எங்கள் இதழ் முழுவதும் அச்சேறியது. அந்நாளைய எழுத்துருக்கள் செய்த தந்திரம் எளிமையானது. ஆங்கில எழுத்துகளுக்கான எண்களை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றின் உருவத்தை மட்டும் தமிழாக வரைந்துவிடுவார்கள். ‘ஜே’ என்பதற்கான எண்ணுக்கு உரிய உருவம் ‘த’. எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் குப்பை. ‘கொ’ என்ற ஓர் எழுத்தைக் கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே மூன்று விசைகளாக அடித்தோம். ஒருங்குறியோ ககரத்தை முதலில் வைத்து, உயிர்க்குறியை அதன்பின் வைக்கிறது. ஒருங்குறியின் முதற்பதிப்பு வந்த 1991இலேயே தமிழுக்கு அதில் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் எங்களைப் போன்றவர்களின் மேசைக்கு அது வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின.

உரைக்கோப்பைப் பொங்குதமிழ் போன்ற எழுத்துரு மாற்றியில் இட்டு மீட்டுவிடலாம். இதழ்ப் பக்கங்களோ பேஜ்மேக்கர் கோப்புகளாக இருந்தன. 1985இல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்டு, 1994இல் அடோபியிடம் கைமாறி, 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோன மென்பொருள் அது. எங்களிடம் அதன் 6.5 பதிப்பின் குறுந்தகடு இருந்தது. ஆனால் இன்றைய விண்டோசில் அதன் நிறுவி அசையவே மறுத்தது. பழைய கணினி ஒன்றைத் தேடிப் பழைய சாமான் கடைகளில் ஒரு வாரம் அலைந்தோம். கிடைத்த ஒன்றிலும் வன்தட்டு இறந்திருந்தது.

செய்தி அறிந்த நண்பரின் மகள் தொலைபேசியில் சிரித்தார். “எதுக்கு மாமா அலையிறீங்க? இருக்கிற கணினிக்குள்ளயே பழைய கணினி ஒண்ண உண்டாக்கிக்கலாமே.”

*

மெய்நிகர் கணினி என்ற சொல்லை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டோம். எங்களுக்குத்தான் அது புதிது. 1960களின் நடுவில், அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐபிஎம் ஆய்வு மையத்தில் பிறந்த எண்ணம் அது. அறையளவு பெரிய கணினி ஒன்றே ஒன்று இருக்கிறது, வேண்டுபவர்களோ பலர். ஒவ்வொருவருக்கும் ‘இது முழுக்க முழுக்க எனக்கே உரிய கணினி’ என்ற தோற்றத்தை உண்டாக்கிவிட்டால் என்ன? சிபி-40 என்ற அமைப்பு 1967இல் அதைச் செய்துகாட்டியது. 1972இல் ஐபிஎம் அதனை விஎம்/370 என்ற பெயரில் வணிகப் பொருளாக அறிவித்தது.

இவ்வளவு பழைய வித்தை, வீட்டுக் கணினிக்கு வரத் தாமதமானதற்கு ஒரு காரணம் உண்டு. உள்ளே குடியேறும் இயங்குதளம், தானே வீட்டு எஜமானன் என்று நம்பி ஆணைகளைப் பிறப்பிக்கும். அவ்வாணைகளில் ஆபத்தானவற்றை மேலாள்பவன் இடைமறித்து, தானே செய்துகொடுக்க வேண்டும். அதற்குச் சில்லு ஒத்துழைக்க வேண்டும். எந்தச் சில்லில் இது இயலும் என்பதற்கான நிபந்தனைகளை 1974இல் போபெக், கோல்ட்பர்க் என்ற இருவர் வகுத்துரைத்தனர். இன்டெல் வழிவந்த சில்லுகள் நெடுங்காலம் அந்நிபந்தனைகளை நிறைவு செய்யவில்லை. சில ஆணைகள், அதிகாரமற்ற நிலையிலிருந்து பிறப்பிக்கப்பட்டால், முறையிடாமல் வேறொரு விடையைத் தந்துவிட்டுப் போய்விடும். விஎம்வேர் நிறுவனம் 1999இல் இத்தகைய ஆணைகளை ஓடும்போதே மாற்றியெழுதி இத்தடையைத் தாண்டியது. இன்டெல் 2005இலும் ஏஎம்டி 2006இலும் இதற்கான வசதியைச் சில்லுக்குள்ளேயே கொண்டுவந்தன.

நாங்கள் தேர்ந்தது வர்ச்சுவல்பாக்ஸ். 2007இல் இன்னோடெக் என்ற ஜெர்மானிய நிறுவனம் திறமூலமாக வெளியிட்டது. பின்னர் சன் நிறுவனத்திடமும் 2010இல் ஆரக்கிளிடமும் சென்றது. இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ளலாம்.

முதல் முயற்சியிலேயே தடுக்கி விழுந்தோம். மெய்நிகர் கணினி கிளம்பவில்லை, பிழைச்செய்தி வந்தது. சில்லில் உள்ள அந்த வசதி, கணினியின் பயாஸ் அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கணினியை மறுபடி முடுக்கி, அந்த அமைப்புக்குள் நுழைந்து, விசையைப் போட்டபின் வழிக்கு வந்தது. இவ்வழியில் அடியெடுத்து வைப்போர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

எங்களிடம் இருந்த விண்டோஸ் எக்ஸ்பியின் அசல் குறுந்தகட்டை உள்ளே குடியேற்றினோம். நினைவகம் 512 எம்பி, வன்தட்டு 10 ஜிபி. இன்றைய கணினிக்கு இவை சில்லறைக் காசுகள். அந்த வன்தட்டும் மெய்யான தட்டு அன்று, எங்கள் கணினியில் கிடக்கும் ஒரு கோப்புதான். எக்ஸ்பிக்குச் சாட்டா இணைப்பு தெரியாது என்பதால் தட்டைப் பழைய ஐடிஇ முறையில் மாட்ட வேண்டும். நீலத்திரை, நிறுவல், காத்திருப்பு. முடிவில் அந்தப் பச்சைப் புல்வெளி ஒரு சாளரத்துக்குள் விரிந்தபோது எங்களில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அடுத்த நொடியே ஒரு நகைச்சுவை. மவுஸின் அம்பு அந்தச் சாளரத்துக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வர மறுத்தது. கணினியே உறைந்துவிட்டதென்று அஞ்சி மின்சாரத்தைத் துண்டிக்க எழுந்தோம். வலப்புறக் கன்ட்ரோல் விசையை ஒருமுறை தட்டினால் போதும் என்று பிறகு தெரிந்தது. அதற்கெனத் தரப்படும் துணைநிரல்களை நிறுவியபின் அம்பு இரண்டு உலகங்களுக்கும் தடையின்றிப் போய்வந்தது.

மகள் எங்களுக்கு மூன்று கட்டளைகள் இட்டிருந்தார். ஒன்று, உள்ளிருக்கும் கணினிக்கு இணையத்தைக் கொடுக்கக்கூடாது. எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலில் நிறுத்தப்பட்டுவிட்டன. இரண்டு, எல்லாம் ஒழுங்காக இருக்கும் நிலையில் ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்ள வேண்டும். என்ன குளறுபடி செய்தாலும் அந்தக் கணத்துக்கே திரும்பிவிடலாம். மூன்றாவது கட்டளையை அப்போது நாங்கள் மிகையென்று நினைத்தோம். வட்டுகளின் மூலையில் உள்ள சிறு துளையைத் திறந்து வைத்துவிட வேண்டும். திறந்திருந்தால் அவ்வட்டில் எதுவும் எழுத இயலாது. பிறகு ஒவ்வொரு வட்டையும் ஒரே ஒருமுறை படித்து, முழுமையாகப் படிமக் கோப்பாக்கி, அதன் நகலைத்தான் மெய்நிகர் கணினியின் நெகிழ்வட்டுத் துளையில் செருக வேண்டும்.

“அப்பா வச்சது வச்சபடி இருக்கட்டும் மாமா” என்றார்.

*

கடைசி இதழைத் திறந்தோம். எழுத்துரு இல்லை, பதிலி இடலாமா என்று பேஜ்மேக்கர் கேட்டது. பாமினியை நிறுவிவிட்டு மீண்டும் திறந்தோம். நாற்பத்தெட்டுப் பக்கங்களும் அவர் விட்டுச்சென்ற அதே கோலத்தில் வந்தன.

பேஜ்மேக்கரில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். பக்கத்தைச் சுற்றிலும் ஒரு வெற்றுப்பரப்பு உண்டு. வடிவமைப்பவரின் மேசை அது. வேண்டாத துண்டை அங்கே தள்ளி வைக்கலாம். கோப்பில் இருக்கும், அச்சில் வராது.

நாற்பத்தோராம் பக்கத்தின் வெளியே ஒரு பத்தி கிடந்தது.

அந்தக் கதையில், மூடப்படும் அச்சகம் ஒன்றின் பழைய அச்சுக்கோப்பாளர் ஈய எழுத்துகளை எடைக்குப் போடுகிறார். அச்சில் வந்த வடிவம், தராசு நின்றதும் அவர் வெளியேறுவதோடு முடியும். சட்டென்று முடிந்துவிடும் அந்த முடிவைப் பலர் பாராட்டிக் கடிதம் எழுதியிருந்தனர். வெளியே கிடந்த பத்தியில், எடை குறைத்துச் சொல்பவன் அவருடைய மகன். அவர் அதைக் கண்டும் காணாதவராக நிற்கிறார். அவ்வளவுதான், பதினான்கு வரிகள்.

பக்கத்தைப் பார்த்தோம். கதை முடிந்த இடத்துக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையின் விளம்பரம் இருந்தது. பார்த்ததும் எல்லாம் நினைவுக்கு வந்தது. கடைசி நேரத்தில் வந்த விளம்பரம் அது. மூன்று ஃபாரத்துக்கு மேல் போகப் பணமில்லை. “ஒரு பத்தியைக் குறைத்துவிடுங்களேன்” என்று சொன்னவர்கள் நாங்கள். அவர் மறுபேச்சின்றிக் குறைத்தார். நாங்கள் மறந்துபோனோம். அவர் அழிக்கவில்லை, நகர்த்தி வைத்தார்.

தொகுப்பில் எதை அச்சிடுவது? அன்றிரவு எங்களுக்குள் வாதம் நடந்தது. அவர் உயிரோடிருந்தபோது, அவருடைய கைப்பட வெளியான வடிவமே இறுதியானது, வாசகர் அறிந்த கதை அதுதான் என்றார் ஒருவர். நெருக்கியதால் நேர்ந்த குறைப்பை ஆசிரியரின் விருப்பமென்று எப்படிக் கொள்வது என்றார் மற்றவர். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

மூன்றாமவர் பேசாமல் கோப்பின் விவரங்களைத் திறந்து காட்டினார். கடைசியாகத் திருத்தப்பட்டது 2004 நவம்பர். இதழ் நின்று ஈராண்டுக்குப் பின்! மறுபடி அந்தப் பத்தியைப் பார்த்தோம். கதையின் அதே அகலம், அதே அளவு எழுத்து. முதல் வரி, விளம்பரம் தொடங்கும் உயரத்துக்கு நேராக நின்றது. விளம்பரத்தை எடுத்துவிட்டால் அப்படியே உள்ளே நகர்த்தி வைத்துவிடலாம். அச்சுக்குப் போகப்போவதில்லை என்று தெரிந்தும், ஓர் இரவில் அவர் அதைத் திறந்து செப்பம் செய்திருக்கிறார்.

நெகிழ்வட்டில் நேரடியாகத் திறந்து நாங்கள் ஒருமுறை சேமித்திருந்தால் அந்தத் தேதி அழிந்திருக்கும். துளையைத் திறந்து வைக்கச் சொன்ன மகளை நன்றியோடு நினைத்துக்கொண்டோம்.

விளம்பரத்தை நீக்கிவிட்டுப் பத்தியை உள்ளே இழுத்து வைத்தோம். ஒரு வரிகூடப் பிசகாமல் பொருந்தியது. தொகுப்பில் கதை அந்த முடிவோடுதான் வருகிறது. முன்பு எப்படி வெளியானது, யாரால் குறைந்தது என்பதையும் முன்னுரையில் எழுதியிருக்கிறோம். அதை எழுதத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நாள் பிடித்தது.

மெய்நிகர் கணினியை இன்னும் அழிக்கவில்லை. ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் விளம்பரம் தன் இடத்தில் இருக்கிறது, பத்தி வெளியே நிற்கிறது. எத்தனை முறை வேண்டுமானாலும் அக்கணத்துக்குத் திரும்பலாம். குறைக்கச் சொன்ன அந்த மாலைக்குத்தான் போக முடியவில்லை.