கன்னேரிமுக்கு: கலெக்டர் கட்டிய முதல் வீடு

ஊட்டி என்றதும் ஜான் சல்லிவன் பெயரும் கூடவே வந்துவிடும். ஆனால் அந்தக் கோவை கலெக்டர் நீலகிரியில் முதலில் வீடு கட்டியது ஊட்டியில் அல்ல; கோத்தகிரியை ஒட்டிய கன்னேரிமுக்கில். படகர் ஊர் அது. சிவப்புப் பூச்சோடு நிற்கும் அந்த வீட்டுக்குப் பெத்தக்கல் பங்களா என்று பெயர்.

1818-ல் சல்லிவனின் உதவியாளர்கள் விஷ், கிண்டர்ஸ்லி இருவரும் மலையேறிப் பார்த்துவிட்டு வந்து மேலே அடிக்கும் குளிரைச் சொன்னார்கள். கோவை வெயிலில் வெந்துகொண்டிருந்த வெள்ளைக்காரருக்கு அது போதாதா? மறு ஆண்டு ஜனவரியில் கலெக்டரே கிளம்பினார். வண்டிப் பாதை கிடையாது, காட்டுத் தடம்தான். அந்த 1819-லேயே கன்னேரிமுக்கில் வீடு எழுந்தது. பிறகு ஊட்டி அவரை இழுத்துக்கொண்டது. 1822-ல் அங்கே தொடங்கிய கல் பங்களா இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. ஊட்டி ஏரியும் அவர் வெட்டியதுதான்.

பெரிய வீடு வந்தபின் சின்ன வீட்டை யார் நினைப்பார்கள்? பெத்தக்கல் பங்களா நெடுநாள் பாழடைந்து கிடந்தது. 2002 வாக்கில் புதுப்பித்து, நீலகிரியின் பழைய படங்களும் ஆவணங்களும் வைத்த அருங்காட்சியகம் ஆக்கினார்கள். ஊட்டி பொட்டானிக்கல் கார்டனில் நெரிசல்படுகிறவர்களில் பத்தில் ஒருவர் இங்கே வந்தாலும் நல்லது.

தருமபுரிப் பக்கத்தாருக்கு இந்தக் கதையில் தெரிந்த முகம் ஒன்று உண்டு. பாராமகால் என்று அன்று அழைக்கப்பட்ட அந்தப் பகுதியில் நிலம் அளந்து வரி போட வந்து, 1790-களில் தருமபுரியில் குடியிருந்த தாமஸ் மன்றோதான் அவர். சென்னை கவர்னரான பிறகு, 1826-ல் ஊட்டிக்கு வந்து சல்லிவனிடம் தங்கினார்.

சல்லிவனை முழுக்கப் புகழ எனக்கு மனம் வரவில்லை. தோடர் பழங்குடியினரிடம் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கினார் என்பார்கள். மேய்ச்சல் நிலத்தை நம்பி எருமை வளர்த்தவர்களுக்கு அது என்ன விலை? ஆனாலும், நிலம் தோடர்களுடையது, அரசாங்கமே ஆனாலும் ஈடு கொடுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று மேலிடத்தோடு வாதாடியவரும் அவர்தான். அவரே ஏக்கர் கணக்கில் வளைத்து வைத்திருந்ததால் எதிராளிகள் அவருக்குப் பதில் சொல்வது சுலபமாக இருந்தது.