கைக்குள் ஓர் அலுவலகம்

கருவிகள் பெருகிவிட்ட காலம் இது. ஒரு வேலைக்கு ஒரே ஒரு கருவி இருந்த நாளில் மனிதனுக்குத் தேர்வு என்னும் தொல்லை இல்லை. ஏர் என்றால் ஏர், தறி என்றால் தறி. இன்றோ ஒரு கடிதம் எழுதுவதற்கு ஒன்பது மென்பொருள்கள் வரிசையில் வந்து நிற்கின்றன. எதை ஏற்பது? எதை விடுப்பது? ஒரு வினைக்கு உரிய ஆளைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதற்காகவே வள்ளுவர் ‘தெரிந்து வினையாடல்’ என ஓர் அதிகாரம் வகுத்தார். ஆளுக்குச் சொன்னது கருவிக்கும் பொருந்தும் என்பதை எனக்கு உணர்த்தியது, சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு சிறு கருவி. அதில் அலுவலக ஆவணங்களைக் கையாள எந்த மென்பொருளை வைத்துக்கொள்வது என்று 2005ஆம் ஆண்டில் நான் ஆராய்ந்ததை மாணவ நண்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன். அக்கருவி இன்று வழக்கில் இல்லை. ஆயினும் அதை முன்னிட்டு எழுந்த கேள்வி இன்றும் வழக்கில் இருக்கிறது.

முதலில் அக்கருவியின் வரலாற்றைச் சற்றே காண்போம். ஆங்கிலத்தில் ஆர்கனைசர் என்று வழங்கிய கையடக்கக் கருவி, முகவரி, நாட்குறிப்பு, செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் ஆகியவற்றைச் சுமப்பதற்காகப் பிறந்தது. இங்கிலாந்தின் சையான் நிறுவனம் 1984இல் தன் ஆர்கனைசரை வெளியிட்டது. 1991இல் ஹியூலட் பேக்கார்டு நிறுவனம் வெளியிட்ட 95எல்எக்ஸ் என்னும் கருவியில் லோட்டஸ் 1-2-3 என்ற கணக்கு விரிதாள் உள்ளேயே பதிக்கப்பட்டிருந்தது. 1993இல் ஆப்பிள் நிறுவனத்தின் நியூட்டன் வந்தது, 1998இல் கைவிடப்பட்டது. இடையே 1996இல் அமெரிக்காவில் பைலட் என்னும் கருவி தோன்றியது. அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவியின் அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பல நாள் திரிந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. பைக்குள் அடங்குமா, தேவைப்படும் நேரத்தில் கைக்கு வருமா என்று கட்டையை வைத்தே சோதித்தவர் அவர். பொருளைச் செய்யும் முன்பே பயனை எண்ணிய அந்த அறிவே பாம் என்ற பெயரை உலகெங்கும் பரப்பிற்று எனலாம்.

முதல் பைலட்டின் நினைவகம் 128 கிலோபைட். 2003இல் அதே பாம் நிறுவனம் வெளியிட்ட டங்ஸ்டன் ஈ என்னும் கருவியின் நினைவகமோ 32 மெகாபைட்; அதாவது 256 மடங்கு. அமெரிக்காவில் பணியாற்றும் என் மைத்துனர் வாயிலாக எனக்குக் கிடைத்தது இந்த டங்ஸ்டன் ஈ தான். திரையில் குறுக்கே 320 புள்ளிகள், நெடுக்கே 320 புள்ளிகள். எழுத்தாணி போன்ற ஒரு குச்சியால் திரையின் அடிப்பகுதியில் எழுதினால் அது எழுத்தாக மாறும். ஓலையும் எழுத்தாணியும் கண்ட மரபினருக்கு இது புதுமையா, பழமையா என்று வேடிக்கையாக எண்ணிக்கொள்வேன்.

அப்போது நான் பொருளியலில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்தேன். ஈரோடு மாவட்டம் சென்னிமலையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கைத்தறி நெசவாளர் குடும்பங்கள் 240ஐக் கண்டு, குடும்பத்திற்கு 31 கேள்விகள் கேட்டு, விடைகளைத் தொகுப்பது என் திட்டம். ஆக 7,440 விடைகள். தாளில் எழுதிப் பின்னர் கணிப்பொறியில் ஏற்றினால் இரட்டை வேலை. பெயர்த்து எழுதும்போது பிழை நுழையவும் வழியுண்டு. வீட்டுத் திண்ணையிலேயே விரிதாளில் பதிந்துவிட்டால் எவ்வளவு நலம்! ஆனால் கருவியோடு பிறந்த குறிப்பேட்டில் ஒரு குறிப்புக்கு ஏறத்தாழ 4,000 எழுத்துகளுக்கு மேல் இடமில்லை. கட்டம் போட்டுக் கணக்கிடவும் வசதி இல்லை. எனவே அலுவலக மென்பொருள் ஒன்று தேவைப்பட்டது.

சந்தையில் அன்று யார் யார் நின்றார்கள்? டேட்டாவிஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் ‘டாக்குமென்ட்ஸ் டு கோ’ ஒன்று. இது என் கருவியோடு வந்த குறுந்தகட்டிலேயே இருந்தது. குயிக்வேர்டு, குயிக்ஷீட் ஆகியவற்றை உள்ளடக்கிய ‘குயிக்ஆஃபீஸ்’ மற்றொன்று. எழுதுவதற்கு மட்டும் என்றால் புளூ நோமாடு நிறுவனத்தின் ‘வேர்ட்ஸ்மித்’. கணக்கிற்கு மட்டும் என்றால் அயாம்பிக் நிறுவனத்தின் ‘டைனிஷீட்’. எதிர்முகாமான பாக்கெட் பி.சி. கருவிகளில் மைக்ரோசாஃப்ட்டின் பாக்கெட் வேர்டும் பாக்கெட் எக்செலும் உடன்பிறந்தவையாக வந்தன. ஜெர்மனியின் சாஃப்ட்மேக்கர் நிறுவனம் அவற்றுக்குப் போட்டியாக டெக்ஸ்ட்மேக்கரை விற்றது. பெரும்பாலானவற்றைச் சில நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்க இடமளித்தார்கள். விளம்பரங்களைப் படித்தால் எல்லாமே சிறந்தவை. குறை என்று ஒன்றைக்கூட எவரும் எழுதுவதில்லை. ‘தன் தயிரைப் புளிப்பென்று எந்த ஆய்ச்சி சொல்வாள்?’ என்பார்கள் எங்கள் ஊரில்.

ஆகவே விளம்பரத்தை விலக்கிச் சோதனையை நாடினேன். கணிப்பொறியில் இரண்டு கோப்புகள் செய்தேன். ஒன்று, என் ஆய்வேட்டின் ஓர் இயல்: அதில் அடிக்குறிப்புகள், ஓர் அட்டவணை, தடித்த எழுத்தில் உட்தலைப்புகள். மற்றொன்று, விரிதாள்: அதில் கூட்டல், சராசரி, ‘இப்படியானால் இது, இல்லையேல் அது’ என்னும் நிபந்தனை வாய்பாடுகள். இவற்றைக் கருவிக்கு அனுப்பி, அங்கே ஒரு சொல்லையும் ஓர் எண்ணையும் மட்டும் மாற்றி, மீண்டும் கணிப்பொறிக்குக் கொண்டுவந்து, முதற்கோப்போடு வரி வரியாக ஒப்பிட்டேன். போனது அப்படியே திரும்புகிறதா என்பதுதான் என் தேர்வு.

முடிவுகள் வியப்பளித்தன. ஒரு மென்பொருளில் அடிக்குறிப்புகள் அனைத்தும் வழியிலேயே உதிர்ந்துவிட்டன. இன்னொன்றில் வாய்பாடுகள் மறைந்து, அவற்றின் விடைகள் மட்டும் வெற்று எண்களாக வந்து நின்றன. பார்வைக்கு எல்லாம் சரியாகவே தோன்றும், ஓர் எண்ணைத் திருத்தினால்தான் கூட்டுத்தொகை அசையாமல் நிற்பது தெரியும். காணாமற்போன அடிக்குறிப்பைக் கண்டு பிடித்துவிடலாம். உயிரற்ற கூட்டுத்தொகையை எப்படிக் கண்டுபிடிப்பது?

தேறியது டாக்குமென்ட்ஸ் டு கோ. காரணம் அதன் செயல்முறையில் இருந்தது. மூலக்கோப்பு கணிப்பொறியிலேயே தங்கிவிடுகிறது. கருவிக்கு ஒரு மெலிந்த படி மட்டும் செல்கிறது. யூ.எஸ்.பி. கம்பியால் இரண்டையும் இணைத்து ஒத்திசைக்கும்போது, நாம் மாற்றியவை மட்டும் மூலத்தில் வந்து சேர்கின்றன. சிறிய திரையில் காட்ட இயலாத ஒன்றும் மூலத்தில் அழிவதில்லை. ‘இன்டாக்ட்’ என்று அந்நிறுவனம் இம்முறைக்குப் பெயரிட்டிருந்தது. பாவு அப்படியே இருக்க ஊடை மட்டும் மாறுவது போல என்று நெசவாளர் மொழியில் சொல்லிவிடலாம். கருவியோடு இலவசமாக வந்தது என்பதற்காக அதை நான் கொள்ளவில்லை. சோதனையில் நின்றது என்பதற்காகக் கொண்டேன்.

மென்பொருளைத் தேர்ந்த பிறகும் கருவியின் எல்லையை மதிக்க வேண்டியிருந்தது. 320 புள்ளித் திரையில் நான்கைந்து பத்திகளுக்கு மேல் தெரியா. எனவே 31 கேள்விகளையும் குடும்பம், தறி, வருவாய் என மூன்று தாள்களாகப் பிரித்தேன். மின்கலம் முற்றிலும் வற்றிவிட்டால் அக்கருவியின் நினைவகமும் வெறுமையாகிவிடும். எனவே ஒவ்வொரு வீட்டுக் கணக்கு முடிந்ததும் நினைவட்டையில் ஒரு படி எடுத்துவைத்தேன்.

தமிழ் என்னாயிற்று என்று கேட்பீர்கள். யூனிகோடில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றுவிட்டது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு விசைப்பலகைக்கும் எழுத்துருக் குறியீட்டிற்கும் தரம் வகுத்தது. ஆனால் என் கைக்கருவிக்கு இவை எதுவும் தெரியாது. தமிழ்க்கோப்பைத் திறந்தால் புரியாத குறிகளே நிரம்பி வழிந்தன. எனவே ஒரு முடிவுக்கு வந்தேன். எண்கள் கருவிக்கு, பேச்சு கையேட்டிற்கு. குடும்பத்திற்கு ஓர் எண் கொடுத்து, அதே எண்ணின் கீழ் நெசவாளர் சொன்ன சொற்களைச் சொன்னபடியே நாற்பது பக்க நோட்டுகளில் தமிழில் எழுதிவந்தேன்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று சில நண்பர்கள் நகைத்ததுண்டு. அவர்களுக்கு நான் சொன்ன விடை ஒன்றுதான். நெசவாளருக்குக் கூலி நெய்த அளவுக்கே. என் 31 கேள்விகளுக்கு விடை சொல்ல முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரம் தறி நிற்கும், நாடா ஓடாது, போர்வை ஓர் அங்குலமும் வளராது. ஒரு பெரியவர் குழியில் கால் வைத்தபடியே கருவியை உற்றுப் பார்த்துக் கேட்டார்:

“ஏனுங்க சார், இதுல எழுதுனது அழிஞ்சு போச்சுன்னா மறுக்காவும் வந்து கேப்பீங்களா?”

“இல்லீங்க ஐயா, அழியாதபடி பாத்துக்கறேன்” என்றேன்.

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. விடை சொல்லத் தொடங்கினார். 240 குடும்பங்கள் தங்கள் உழைப்பு நேரத்தை எனக்கு ஈந்தன. அதை ஏந்திவர நான் தேர்ந்த பாத்திரம் ஓட்டை இல்லாததாக இருக்க வேண்டும் அல்லவா? மென்பொருள் தேர்வு எனக்கு வசதியைப் பற்றிய கேள்வியாக இருக்கவில்லை. நேர்மையைப் பற்றிய கேள்வியாக இருந்தது.

காலம் உருண்டது. 2010இல் டாக்குமென்ட்ஸ் டு கோ, பிளாக்பெர்ரி செல்பேசியைச் செய்த நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. அதே 2010இல் பாம் நிறுவனத்தை ஹியூலட் பேக்கார்டு வாங்கி, 2011இல் அக்கருவிகளின் உற்பத்தியையே நிறுத்தியது. 2012இல் குயிக்ஆஃபீஸை கூகிள் வாங்கியது. நான் ஒப்பிட்டுப் பார்த்த போட்டியாளர் ஒருவரும் அன்றிருந்த நிலையில் இன்று இல்லை. என் டங்ஸ்டனும் மின்கலம் செத்து மேசை அறைக்குள் உறங்குகிறது.

ஆனால் 2023இல் எங்கள் துறையின் முதுகலை மாணவி ஒருவர் அதே ஊர்களில் தம் திட்டக் கட்டுரைக்காகக் களப்பணி செய்ய முன்வந்தார். பழைய கணக்கு கிடைத்தால் ஒப்பிடலாமே என்றார். குறுந்தகட்டில் இருந்த கோப்பை லிப்ரே ஆஃபீஸ் என்னும் இலவச மென்பொருளில் திறந்தேன். 240 வரிசைகளும் அணிவகுத்து நின்றன. ஓர் எண்ணை மாற்றியதும் சராசரி உடனே மாறியது. வாய்பாடுகள் உயிரோடு இருந்தன! அது பொதுவழக்கில் உள்ள எக்ஸ்.எல்.எஸ். கோப்பு, எனவே கருவி போயும் கணக்குப் போகவில்லை. அதே காலத்தில் வேறொரு கருவியில், அதற்கே உரிய தனிக்கோப்பு வடிவில் ஈராண்டுக் குறிப்புகளை எழுதிவைத்த நண்பர் ஒருவர் அவற்றைத் திறக்க வழியின்றி இன்றும் தவிக்கிறார். நாற்பது பக்க நோட்டுகளோ எந்த மென்பொருளும் கேட்காமல் தாமே திறந்துகொண்டன. அம்மாணவி எண்ணையும் பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான் அந்த ஆய்வு முழுமை பெற்றதாக எனக்குத் தோன்றிற்று.

மாணவ நண்பர்களே! உங்கள் கையில் இன்று இருக்கும் செல்பேசி, என் பழைய கருவியைவிடப் பல்லாயிரம் மடங்கு நினைவாற்றல் உடையது. தமிழும் அதில் தடையின்றி ஓடுகிறது. எனினும் ஒரு மென்பொருளை ஏற்கும் முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். நான் கொடுத்ததை அப்படியே திருப்பித் தருமா? மின்சாரமோ இணையமோ அற்றுப்போனால் என் எழுத்து எங்கே இருக்கும்? வேறொரு மென்பொருளாலும் இதைத் திறக்க முடியுமா? இதை விற்பவர் நாளை கடையைக் கட்டினால் என் உழைப்பு என்னிடம் மிஞ்சுமா? அழகும் வேகமும் விலையும் இவற்றுக்குப் பின்னரே வரவேண்டும்.

கருவி இரவல் போன்றது. காலம் ஒருநாள் திருப்பி வாங்கிக்கொள்ளும். அதில் நாம் எழுதியதே நமது. பிறர் தம் நேரத்தைத் தந்து நம்மிடம் சொன்னதோ நமதும் அன்று, நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒப்படைத்ததைக் காக்கவல்ல கருவியைத் தேர்ந்தெடுப்பதும் கல்வியின் ஒரு பகுதியே என்பது என் துணிபு.