பாடும் பந்தயமும்

கிண்டி ரேஸ்கோர்ஸை அரசு 2024 செப்டம்பரில் பூட்டி சீல் வைத்தது. சுமார் 160 ஏக்கர். குத்தகை பாக்கி மட்டும் 730 கோடி ரூபாய் என்று சொன்னார்கள். பிறகு குதிரை ஓடிய இடத்தில் மழைநீர் தேங்கக் குளங்கள் வெட்டினார்கள். இதையெல்லாம் படித்தபோது என் நினைவுக்கு வந்தது குதிரை அல்ல, எங்கள் சித்தப்பா.

எழுபதுகளில் தோணிரேவிலிருந்து கிண்டிக்குப் போவது லேசான காரியம் இல்லை. பழவேற்காட்டில் பஸ் பிடித்துப் பொன்னேரி, அங்கிருந்து ரயிலில் மெட்ராஸ், பீச் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறிக் கிண்டி. சித்தப்பா இருட்டோடு கிளம்பிவிடுவார். கிண்டியில் பந்தயம் குளிர்காலத்தில்தான். கோடை வந்தால் குதிரைகள் ஊட்டிக்குப் போய்விடும். நம் ஏரியிலும் மழை பெய்து, முகத்துவாரம் திறந்து, இறால் வரத்து இருப்பது அந்த மாதங்களில்தான். கையில் காசு புரளும் நேரமும் குதிரை ஓடும் நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டது எங்கள் சித்தியின் தலையெழுத்து.

அயர்லாந்தில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கி நான்கு நாள், டப்ளின் பக்கத்தில் லெப்பர்ட்ஸ்டவுன் என்ற இடத்தில் ரேஸ் திருவிழா நடக்கிறது. அங்கே குதிரைகள் வேலியைத் தாண்டித் தாண்டி ஓடும். குடும்பம் குடும்பமாகப் போவார்களாம். எங்கள் பக்கத்திலிருந்து கிண்டிக்குக் குடும்பத்தோடு போனவரை நான் பார்த்ததில்லை. சொல்லாமல் போய், பேசாமல் திரும்புவார்கள்.

1974-ல் கலைஞர் ஆட்சியில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. ரேஸ் கிளப் வழக்குக்குப் போனது. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமையின் ஆட்டம், சூதாட்டம் அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் கெட்டிக்காரத்தனம் எல்லாம் சேர்ந்துதான் வெற்றி என்பது வாதம். அது உண்மைதான். ஆனால் அந்தத் திறமை குதிரைக்கும் ஜாக்கிக்கும் உரியது. இறால் விற்ற காசோடு வேலி ஓரம் நின்றவருக்கு அதில் என்ன பங்கு?

டோட் என்ற பந்தய முறையின் கணக்கு எளிது. எல்லோரும் கட்டும் பணம் ஒரே உண்டியலில் சேரும். அதிலிருந்து கிளப்பின் பங்கும் அரசாங்க வரியும் முதலில் கழியும். மிச்சம்தான் ஜெயித்தவர்களுக்கு. ஆகவே கூட்டத்தில் யார் ஜெயித்தாலும், கூட்டம் மொத்தமாகத் தோற்றுத்தான் வீடு திரும்பும். சித்தப்பா ரேஸ் புத்தகத்தை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வார். போன தடவை ஓடிய கணக்கு, தூரம், எடை எல்லாம் அதில் இருக்கும். இந்தக் கழிவைப் பற்றி மட்டும் அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஏரியிலும் சீட்டு உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களில் 'பாடு' என்பார்கள். நல்ல இடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் வலை கட்ட முடியாது. அதனால் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அந்தச் சீட்டில் பெயரே இல்லாத ஊர்களும் ஏரியைச் சுற்றி இருக்கின்றன. அந்த மனத்தாங்கல் தனிக்கதை. ஆனால் சீட்டுக்குள் இருப்பவருக்கு இன்று முறை வராவிட்டால் நாளை வரும். அதற்காக எவனும் வலையை விற்க வேண்டியதில்லை.

சித்தப்பா விற்றார். முதலில் சித்தியின் தோடு, அடுத்த வருடம் வலை. வலை போன அன்று சித்தி அழவில்லை. "ஏரியில இன்னிக்கு மீன் இல்லன்னா நாளைக்கு வரும்னு காத்திருக்கலாம். கிண்டியில நாளைக்குன்னு ஒண்ணு இல்லய்யா" என்று என்னிடம் சொன்னார். மறுநாளிலிருந்து கூடையைத் தூக்கிக்கொண்டு மீன் விற்கப் போனார். மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தது அந்தக் கூடைதான்.

ரேஸை மூடியதால் வேலை இழந்த குதிரைக்காரர்கள், லாயத் தொழிலாளிகள் மேல் எனக்கு இரக்கம் உண்டு. ஆனாலும் அங்கே குளம் வெட்டிய செய்தியைப் படித்தால் சித்தி சந்தோஷப்பட்டிருப்பார்.