தரைக்குக் கிடைக்கும் கரிசனை

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசி மாதங்களில் சில விடியற்காலைகளில் அங்கே புல்லின்மீது உறைபனி படிவதுண்டு. இத்தகைய ஊரில் ஓர் அறைக்குத் தரை அமைப்பது எளிய காரியமன்று. குளிரும் ஈரமும் முதலில் வந்து குடியேறும் இடம் தரையே. அதனாலன்றோ வெள்ளைத் துரைமார் தமது பங்களாக்களில் மரப்பலகை பதித்து, அதன்மேல் கம்பளம் விரித்து, சுவரோரம் கணப்பும் மூட்டினர்!

அப்பழைய பங்களாக்களில் பல இன்று உல்லாசப் பயணிகளின் விடுதிகளாகிவிட்டன. உளுத்த மரத்தின் இடத்துக்கு வினைல் பலகை வந்திருக்கிறது. பார்வைக்குத் தேக்கு; தட்டிப் பார்த்தால் பிளாஸ்டிக். அத்தகைய விடுதியொன்றில் தரைவேலை நடந்தபோது, இரண்டு நாட்கள் அருகிலிருந்து கவனிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. வேலை செய்தவர் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து வளர்ந்த இளைஞர். கொழும்பில் தொழில் பழகியவர்.

"பலகை எப்போது பதிப்பீர்கள், தம்பி?" என்று கேட்டேன்.

"இன்னும் ரெண்டு நாள் செல்லும் சேர். பலகைக்குக் குளிர் ஆகாது. மொதல்ல காம்பராவுக்குச் சூடு காட்டணும்" என்றார்.

அவர் சொன்னதில் விஞ்ஞானம் இருக்கிறது. வினைல் வெப்பத்தில் விரியும், குளிரில் சுருங்கும். குளிர்ந்த பலகையின் பூட்டு விளிம்பு, பொருத்தும்போதே ஒடிந்துவிடக்கூடும். குளிரில் பதித்துவிட்டுப் பின்னர் அறையைச் சூடாக்கினால், பலகைகள் ஒன்றையொன்று நெருக்கி மேலெழும்பும். ஆகவே, ஏறக்குறைய 18 முதல் 29 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில் அறையை வைத்து, பலகைப் பெட்டிகளை 48 மணி நேரம் அங்கேயே கிடத்தி, அறையின் சூட்டுக்குப் பழக்க வேண்டும் என்பது பொதுவான விதி. எரிவாயுவோ மண்ணெண்ணெயோ எரித்து அறையைச் சூடாக்குவதும் நல்லதன்று. எரியும்போது அவை நீராவியையும் அறைக்குள் விடுகின்றன. அந்த இளைஞர் மின்சார ஹீட்டரையே வைத்திருந்தார்.

பலகை சூடேறும் நேரத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. பழைய சீமேந்துத் தளத்தில் பிளாஸ்டிக் தாளொன்றை விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டி, மறுநாள் வரை விட்டுவைத்தார். தாளின் அடியில் நீர்த்துளி அரும்பினால் தளம் இன்னும் ஈரம் கக்குகிறது என்று பொருள். பிறகு நீண்ட மட்டப்பலகையை வைத்து மேடு பள்ளம் பார்த்தார். 3 மீற்றர் நீளத்துக்குள் 5 மில்லிமீற்றர் வேறுபாட்டுக்கு மேல் இருக்கலாகாது. மேட்டைத் தேய்த்தார், பள்ளத்தைக் கலவையால் நிரப்பினார். பலகை விரிந்து கொடுக்கச் சுவரோரம் சிறு இடைவெளி விடவும், கணப்பின் அருகே பலகை நெருங்காதிருக்கவும் கோடு கிழித்தார்.

"மேல வைக்கிறது ஒரு நாள் வேலை சேர். அடியில செய்யிறதுதான் வேலை" என்றார்.

"உங்கள் வீட்டுத் தரை எப்படி?" என்று கேட்டேன்.

"எங்க காம்பராவா? மழை பேஞ்சா பின்சொவருல தண்ணி ஊறும். சீமேந்து போட்டிருக்கு, அதுவும் வேர்க்கும். அம்மா சாக்கு விரிச்சு அதுக்கு மேலதான் பாய் போடுது."

லயத்துக் காம்பரா 10 அடிக்கு 12 அடி. முன்னே ஒரு சிறு இஸ்தோப்பு. அங்கும் சூடேறிய அறை உண்டு. விறகடுப்பு மூட்டிய அறை அது. சூட்டுடன் புகையும் அதே கூரையின் கீழ் சுழன்று, கொழுந்து பறித்துவிட்டு வந்த பெண்ணின் நெஞ்சுக்குள் போகிறது. கொரியாவில் ஏழைக் குடியானவன் குடிசையிலும் அடுப்பின் புகையைத் தரைக்கடியில் செலுத்தி அறையைச் சூடாக்கும் முறை இருந்தது. ஒந்தோல் என்பது அதன் பெயர். அங்கே அதே விறகும் அதே புகையும் உறங்குகிறவனின் முதுகுக்கு இதமாயின. ஏழையின் வீட்டுக்கு எளிய அறிவே போதும். அந்த அறிவைப் பயன்படுத்தும் உரிமைதான் லயத்தில் இல்லை.

இந்த இளைஞருக்குத் தெரியாத தொழிலா? தம் வீட்டுத் தரையைத் தாமே செப்பனிடலாமே என்று கேட்டேன்.

"செய்யத் தெரியும் சேர். ஆனா லயம் தோட்டத்துச் சொத்து. ஒரு சொவர மாத்துறதுன்னாலும் தொரைகிட்ட கேக்கணும். காசப் போட்டுச் செஞ்சிட்டு, நாளைக்கு எழும்புன்னு சொன்னா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. நாட்டின் வரலாறும் இன்னும் நேரான விடை தரவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலைக்கணக்குப் பார்த்துப் பங்கிட்டது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. கைகள் மாறின, லயத்துக்காரனின் காலடி மண் மட்டும் எக்காலத்திலும் அவனுடையதாகவில்லை. நாடற்றிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. ஆனால் குடியுரிமைப் பத்திரம் வேறு, காணி உறுதி வேறு.

தனி வீடுகள் கட்டும் திட்டங்கள் நடைபெறுகின்றன. 2017 மே மாதத்தில் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். கட்டப்பட்ட ஒவ்வொரு வீடும் வரவேற்கத்தக்கதே. எனினும் பல்லாயிரம் குடும்பங்கள் இன்னும் லயங்களிலேயே வாழ்கின்றன. வீட்டோடு காணி உறுதியும் கைக்கு வந்தாலன்றி, அவர்களின் நிலை மாறியதென்று சொல்வதற்கில்லை.

விருந்தினர் நடக்கப்போகும் பலகைக்கு 48 மணி நேரச் சூடும், ஈரமற்ற தளமும், விரிந்து கொடுக்க இடமும் தேவை என்பதை முதலாளிகள் ஏற்றுக்கொண்டு செலவு செய்கிறார்கள். இல்லையேல் பலகை கெட்டுவிடும், நட்டம் அவர்களுடையது. தாய் ஈரத்தரையில் படுத்து மூட்டுவலியால் முடங்கினால் நட்டம் யாருடையது? அது எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. அதனை ஏறச் செய்வது தொழிற்சங்கங்களின் கடமை, நமது கடமையுமாகும்.

நூலகத்தில் நான் கற்றிராத ஒரு பாடத்தை அந்தத் தொழிலாளி தம் மட்டப்பலகையால் எனக்குக் கற்பித்தார்: மேலே எதை வைப்பதற்கு முன்பும் அடித்தளத்தைப் பார். மலையகத்து வீட்டுக்கு அடித்தளம் காணி. அதைக் கொடுத்துவிட்டால், தரையைச் செப்பனிடும் வேலையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அத்தொழிலில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.