கடைசி 88 பைட்டுகள்

2022 மார்ச் முடிவில் இலங்கையில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. பொரளையில் நான் நிரல் எழுதிக்கொடுத்திருந்த ஆய்வுகூடத்தில் ஜெனரேட்டர் இருந்தது, ஆனால் அது மாதிரிகள் வைக்கும் குளிரூட்டிகளுக்கு மட்டும். மூலையில் கிடந்த விண்டோஸ் 7 கம்ப்யூட்டருக்குப் பற்றரி செத்த ஒரு யூ.பி.எஸ். தான் துணை. ஏப்ரலில் அங்கே ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக வேலை செய்யும் கொட்டாஞ்சேனை அக்கா கோல் எடுத்தார்.

"தம்பி, உங்கட புரோகிராம் திறக்குதில்ல. டிஸ்க் நிறைஞ்சிட்டுது எண்டு வருது. நாங்க ஒண்டும் சேவ் பண்ணேல்லையே."

வெள்ளவத்தையில் 154 பஸ்ஸைப் பிடித்துப் போனேன். அவர் சொன்னது சரி. அவர்கள் ஒன்றும் சேமிக்கவில்லை. டிஸ்க்கை நிறைத்தது என் நிரல். விண்டோஸின் டெம்ப் ஃபோல்டருக்குள் ஒரே மாதிரியான ஃபோல்டர்கள் அடுக்கடுக்காகக் கிடந்தன. ஒவ்வொன்றின் பெயரிலும் முதலில் ஓர் அடிக்கோடு, பிறகு எம், இ, ஐ என்று மூன்று ஆங்கில எழுத்துகள், பிறகு சில இலக்கங்கள். ஒன்றைத் திறந்தால் பைதான், கணித நூலகங்களான நம்பை, சைபை, படம் வரையும் மட்பிளொட்லிப் என்று என் நிரலின் முழுக் குடித்தனமும் உள்ளே. அடுத்ததிலும் அதே குடித்தனம்.

அந்த நிரல் செய்வது பெரிய வேலையில்லை. எலைசா பரிசோதனைத் தட்டில் 96 குழிகள். வாசிப்புக் கருவி ஒவ்வொரு குழியின் நிறச் செறிவையும் ஓர் எண்ணாகத் தரும். செறிவு தெரிந்த மாதிரிகளை வைத்து ஒரு வளைகோடு வரைந்து, தெரியாதவற்றை அதிலிருந்து கணிக்க வேண்டும். பைதானில் எழுதினால் சில பக்கங்களுக்குள் முடிந்துவிடும். எழுதியதை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பாடு. அந்தக் கம்ப்யூட்டரில் இணையம் இல்லை. எதையும் நிறுவ அனுமதியும் இல்லை; அட்மின் பாஸ்வேர்ட் தெரிந்தவர் மாற்றலாகிப் போய்விட்டார். பைதான் 3.9 தொடக்கம் விண்டோஸ் 7இல் ஓடவும் ஓடாது. ஆகவே 3.8இல் எழுதி, பைஇன்ஸ்டோலர் என்ற கருவியால் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்இ ஃபைலாகக் கட்டி, பென்டிரைவில் கொடுத்திருந்தேன். இரட்டைக் கிளிக் செய்தால் ஓடும். எல்லோருக்கும் சந்தோசம்.

ஆனால் அந்த ஒற்றை ஃபைல் ஒற்றையாக ஓடுவதில்லை. திறந்ததும் அது தன் வயிற்றில் உள்ளதையெல்லாம் டெம்பில் புதிய ஃபோல்டர் ஒன்றில் விரித்து வைக்கிறது. விரித்ததை ஓட்டுவது இரண்டாவது புரொசஸ். முதலாவது அது முடியும்வரை காத்திருந்து ஃபோல்டரை அழிக்கும். அதற்குள் கரண்ட் போனால் அழிக்க ஆளில்லை. மறுபடி திறந்தால் வேறு பெயரில் இன்னொரு ஃபோல்டர். நாட்டின் மின்வெட்டு அட்டவணை அந்த டிஸ்க்கில் ஃபோல்டர் ஃபோல்டராகப் பதிவாகியிருந்தது.

டெம்பைத் துடைத்ததும் அக்காவின் பிரச்சினை அன்றைக்குத் தீர்ந்தது. எனக்கு அந்த மூன்று எழுத்து விடவில்லை.

பைஇன்ஸ்டோலரின் உரிம ஃபைலை யாரும் வாசிப்பதில்லை. நானும் அதுவரை வாசித்ததில்லை. விடை அதன் தொடக்கத்திலேயே இருந்தது. 2005 முதல் 2009 வரையான பதிப்புரிமை ஜொவான்னி பாயோ என்ற இத்தாலியருடையது. அடுத்து, இது முன்பு செய்யப்பட்ட ஒரு வேலையின் மேல் எழுந்தது, அதன் உரிமை 2002, மக்மில்லன் என்டர்பிரைசஸ் இன்க். அதன் ஆங்கில முதலெழுத்துகள்தான் எம், இ, ஐ. கோர்டன் மக்மில்லன் தன் கருவிக்கு வெறுமனே 'இன்ஸ்டோலர்' என்று பெயரிட்டிருந்தார். அவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள், பெயர் பைஇன்ஸ்டோலர் ஆனது. நிறுவனத்தின் முதலெழுத்துகளை மட்டும் யாரும் கழற்றவில்லை. கழற்றினால் அவற்றை நம்பி எழுதப்பட்ட எத்தனையோ நிரல்கள் விழும்.

என் எக்ஸ்இயை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தேன். முதல் இரண்டு பைட்டும் எம், இசட். டொஸ் காலத்தில் எக்ஸ்இ வடிவத்தை அமைத்த மைக்ரோசொஃப்ட் பொறியியலாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் முதலெழுத்துகள். அதன்பின் கிடப்பது சிறிய ஓட்டுநர் நிரல் ஒன்று. அதற்கும் பின்னால் என் பொதி முழுவதும் வாலாக ஒட்டியிருக்கிறது. விண்டோஸ் தலையில் எழுதியுள்ள அளவை மட்டும் வாசிக்கும், வாலைக் கண்டுகொள்ளாது. ஓட்டுநர் நிரல் தன்னுடைய ஃபைலையே திறந்து கடைசியிலிருந்து முன்னோக்கித் தேடும். இறுதி 88 பைட்டுகளின் தொடக்கத்தில் எம், இ, ஐ என்ற அடையாளம். அதையடுத்துப் பொதியின் நீளம், உள்ளடக்கப் பட்டியல் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு, எந்தப் பைதான் பதிப்பு, எந்த நூலக ஃபைல். 88 பைட்டில் 64 அந்த நூலகப் பெயருக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. பெயர் முடிந்ததும் மிச்சமெல்லாம் சுழியம். அடையாளம் கிடைத்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் அவிழும்.

வாலில் விலாசம் எழுதும் இந்த உத்தி மக்மில்லனுடையதும் அல்ல. 1989இல் ஃபில் கட்ஸ் பிகேசிப்பை வெளியிட்டபோது, சிப் ஃபைலின் பட்டியலைக் கடைசியில்தான் வைத்தார். முன்னால் ஓர் எக்ஸ்இயை ஒட்டினாலும் சிப் கெடாது. தானே அவிழும் சிப் ஃபைல்கள் அப்படித்தான் வந்தன. அவரும் சிப்பின் ஒவ்வொரு பகுதித் தலையிலும் பி, கே என்று தன் பெயரைப் பதித்தார். தனியே ஓடும் ஃபைல் என்று நான் கொடுத்ததில் முன்னால் ஒருவர் பெயர், பின்னால் ஒரு கம்பனியின் பெயர். என் பெயர் எங்கும் இல்லை.

இன்னும் உள்ளே போனால் வளைகோட்டைப் பொருத்தும் பகுதி. நான் சைபையில் ஒரு வரிதான் எழுதினேன். அந்த வரி கூப்பிடுவது மின்பக் என்ற ஃபோர்ட்ரான் தொகுதியை. 1980இல் சிகாகோவுக்கு அருகே ஆர்கோன் தேசிய ஆய்வுகூடத்தில் மோரே, கார்போ, ஹில்ஸ்ட்ரொம் மூவரும் செய்தது. அதன் கணிதம் 1944இல் லெவன்பெர்க் எழுதியது, 1963இல் மார்கார்ட் மறுபடி கண்டது. அமெரிக்காவில் எழுதப்பட்ட அந்த ஃபோர்ட்ரானின் ஒரு பிரதி, கரண்ட் போன போதெல்லாம் பொரளையில் அநாதையாக விடப்பட்டது.

இதையெல்லாம் கின்சி வீதிப் பக்கம் வசிக்கும், ஓய்வுபெற்ற சமுதாய மருத்துவ டொக்டர் ஒருவரிடம் சொன்னேன். சிரித்தார். "நாங்கள் இதை ஃப்ளொப்பியிலே செய்தோம், தம்பி." அவர் சொன்னது எபி இன்ஃபோவை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 1985இல் வெளியிட்ட கொள்ளைநோய்ப் புள்ளிவிபர நிரல். இலவசம், யாரும் யாருக்கும் கொப்பி பண்ணிக் கொடுக்கலாம். அவருடைய பழைய ஆய்வேட்டை எடுத்துக் காட்டினார். தட்டச்சில் அடித்த உசாத்துணைப் பட்டியலில் டீன் ஏ.ஜி., டீன் ஜே.ஏ. என்று அடுத்தடுத்து இரண்டு டீன். முதலாவது தொற்றுநோயியலாளரான தந்தை அண்ட்ரூ. இரண்டாவது மகன் ஜெஃப், பின்னாளில் கூகுளின் பெயர்பெற்ற பொறியியலாளர்.

டொஸ் எபி இன்ஃபோ பஸ்கலில் எழுதி நேராக இயந்திர மொழிக்கு மாற்றப்பட்டது. கூடவே எதையும் காவத் தேவையில்லை. விண்டோஸுக்கு வந்த எபி இன்ஃபோ 2000 விசுவல் பேசிக், அக்செஸ் என்று கூட்டத்தோடு வந்தது, நிறுவ வேண்டியிருந்தது. டென்மார்க்கின் ஓடென்சவில் யென்ஸ் லவுரிட்சென் குழு எபிடேட்டாவைச் செய்தது இதற்கு எதிர்வினையாகத்தான் என்பது என் எண்ணம். சிஸ்டம் ஃபோல்டரில் ஒரு டிஎல்எல் ஃபைலைக்கூட வைக்காது, மாற்றாது என்று அதைச் செய்தவர்கள் பெருமையாகவே சொன்னார்கள். ஏழை நாட்டுச் சுகாதாரப் பணிமனையின் இரவல் கம்ப்யூட்டரை மனதில் வைத்தவர்கள்தான் அப்படி எழுதுவார்கள். பைஇன்ஸ்டோலர் அந்த எளிமையைத் திரும்பத் தருவதில்லை. எளிமைபோலத் தெரியும்படி எல்லாவற்றையும் உள்ளே திணிக்கிறது. வைரஸ் எழுதுகிறவர்களும் இதே ஓட்டுநர் நிரலைப் பாவிப்பதால் அன்டிவைரஸ்கள் என் ஃபைலையும் அடிக்கடி சந்தேகிக்கின்றன. அதில் அவற்றைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை.

அதனால் ஒற்றை ஃபைல் ஆசையை விட்டேன். அதே கருவியில் ஃபோல்டராகக் கட்டும் வழியும் உண்டு. பார்க்க அழகில்லை, உள்ளே நூற்றுக்கணக்கான ஃபைல்கள் தெரியும். ஆனால் டெம்பில் எதையும் விரிக்காது, சட்டென்று திறக்கும், எது குறைகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். டெஸ்க்டொப்பில் ஒரு ஷோர்ட்கட் போட்டுவிட்டால் அக்காவுக்கு வித்தியாசமே தெரியாது.

ஒரு வித்தியாசம் தெரிந்தது. மின்பக்கின் உரிமத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. அதைச் சேர்த்து விநியோகிப்பவர்கள், இதில் ஆர்கோன் ஆய்வுகூடத்தை நடத்தும் சிகாகோப் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் உள்ளது என்று ஆவணத்தில் குறிப்பிட வேண்டும். புதிய பதிப்பின் 'பற்றி' சாளரத்தில் அதையும், அதற்குக் கீழே மக்மில்லன் கம்பனியின் பெயரையும் எழுதினேன். அக்கா அதைத் திறந்து வாசித்துவிட்டு, "சிகாகோவில இருந்து ஆக்கள் வந்து செஞ்சவையோ? உங்களுக்குத்தானே காசு குடுத்தம்?" என்றார்.